பழைய பென்ஸ் வாங்கலாமா?

யானையைக் கட்டித் தீனி போடுவது என்று நம்மவரிடையே ஒரு பேச்சு வழங்குகின்றது. யானையின் விலை ஒருநாட் செலவு. அதன் தீனியோ ஆயுள் முழுவதற்குமான செலவு. இவ்வுண்மை யானைக்கு மட்டும் உரியதன்று. ஒரு காலத்திற் செல்வந்தர் வீட்டு வாயிலை அலங்கரித்து, இன்று நடுத்தரக் குடும்பத்தின் கைக்கெட்டும் விலைக்கு இறங்கிவந்து நிற்கும் ஆடம்பர மோட்டார் வண்டிக்கும் அது முற்றும் பொருந்துவதாகும்.

இலங்கையில் 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மோட்டார் வண்டி இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி பிறந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்தாண்டு காலத்திற் சின்னஞ்சிறு யப்பானிய வண்டிகளும் தங்கத்தைப் போல விலையேறின. "இந்தக் குருவிக் கூட்டுக்குக் கொடுக்கும் பணத்துக்கு முப்பது வயதுப் பென்ஸ் வண்டி ஒன்றையே வாங்கிவிடலாமே!" என்று பலரும் கணக்குப் போடத் தொடங்கினர். அவ்வாறு கணக்குப் போட்டவர்களுள் என் அத்தானும் ஒருவர்.

அத்தான் அரசாங்க சேவையிலிருந்து ஓய்வு பெற்றவர். பணிக்கொடையாகக் கிடைத்த பணத்தில் ஒரு பகுதியை மகளின் மேற்படிப்புக்கென்று அக்கா ஒதுக்கி வைத்திருந்தாள். மற்றப் பகுதியில் 1994ஆம் ஆண்டுப் பென்ஸ் 'ஈ 220' வண்டியொன்று வாங்கப்பட்டது. கறுப்பு நிறம், முகம் பார்க்கலாம் போன்ற மினுக்கம். எங்களூர் முதிய மெக்கானிக் ஒருவரை அழைத்துச் சென்று காட்டிய பின் வாங்குவோம் என்று நான் சொன்னேன். விற்றவரோ மறுநாளே வேறொருவர் பணத்தோடு வருகிறார் என்றார். அத்தான் அன்று மாலையே கைச்சாத்திட்டு விட்டார்.

மூன்று மாதம் வண்டி அன்னம் போல ஓடிற்று. நான்காம் மாதம், கொழும்பை நோக்கிச் செல்கையில், மாங்குளத்துக்கு அண்மையில் நண்பகல் வெயிலில் இருமத் தொடங்கி, பின் நின்றே விட்டது. அக்காவும் மருமகளும் தெருவோர மரநிழலில் இரண்டு மணி நேரம் காத்திருந்தனர். வண்டி லொறியின் பின்னே கட்டப்பட்டு வீடு வந்து சேர்ந்தது.

இரும்பும் றப்பரும்

முதிய மெக்கானிக் வந்தார். எஞ்சின் மேலுள்ள வயர்க் கட்டின் உறையைச் சற்றே விலக்கினார். உள்ளிருந்த கம்பிகளின் மேற்றோல் காய்ந்த அப்பளம் போல நொறுங்கி உதிர்ந்தது.

"மாஸ்ரர், வண்டியிலை பிழையில்லை, வயசிலைதான் பிழை. இரும்பு அப்பிடியே இருக்கு. வயரும் றப்பரும் செத்துப் போச்சு" என்றார் அவர்.

பழைய ஆடம்பர வண்டிகளைப் பற்றிய முழுச் சாத்திரமும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கின்றது. சற்று விரித்துச் சொல்லுகிறேன்.

அத்தான் வாங்கிய வண்டி 'டபிள்யூ 124' என்னும் வகுப்பைச் சேர்ந்தது. ஜேர்மனியில் 1984ஆம் ஆண்டின் இறுதியில் அறிமுகமாகி, 1990களின் நடுப்பகுதி வரை 25 இலட்சத்துக்கு மேற்பட்ட தொகையில் உருவாக்கப்பட்டது. அதன் எஞ்சினில் நேர ஒழுங்கைக் காப்பது றப்பர்ப் பட்டியன்று, உருக்குச் சங்கிலி. பின் சக்கரம் ஒவ்வொன்றையும் ஐந்து தண்டுகள் பிடித்து நிற்பதால் வளைவிலும் வண்டி தடுமாறாது. இதே வகுப்பின் டீசல் வண்டிகள் ஜேர்மனியில் வாடகை வண்டிகளாக இரவுபகல் ஓடி உழைத்தவை. ஆகவே, இவை உறுதியற்ற வண்டிகள் என்று சொல்வார் எவருமிலர்.

ஆனால் உறுதி என்பது இரும்புக்குரிய குணம். ஒரு வண்டியில் இரும்பு மட்டுமா இருக்கின்றது? கியர்ப்பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டு செல்லும் தண்டின் இரு முனையிலும் றப்பர் வட்டுகள் உள்ளன. எஞ்சினைத் தாங்குபவை றப்பர்த் தாங்கிகள். சக்கரங்களைப் பிடித்திருக்கும் தண்டுகளின் மூட்டுகள்தோறும் றப்பர். இவையெல்லாம் ஓடினாலும் தேயும். ஓடாமல் நின்றாலும் வெடிக்கும். "இவ்வண்டி அதிகம் ஓடவில்லை" என்று விற்பவர் சொல்வது றப்பருக்கு ஒரு நற்சான்றாகாது.

1990களின் முற்பாதியில் வந்த இவ்வகுப்புப் பெற்றோல் வண்டிகள் பலவற்றின் வயர்க் கட்டு தனியாகக் கவனிக்கத் தக்கது. அக்காலத்தில் வயர்களுக்கு இடப்பட்ட உறை எஞ்சினின் வெப்பத்தில் நாளடைவில் நொறுங்கும் இயல்புடையது. உறை உதிர்ந்தால் கம்பியொடு கம்பி தொடும். எஞ்சினை ஆளும் கணினிப் பெட்டிக்குப் பொய்ச் செய்தி போகும். எஞ்சின் தடுமாறும், சில வேளை அப்பெட்டியே எரிந்து போகும். நூற்றுக்கணக்கான இறாத்தல் உருக்கு அசையாது நிற்க, விரற்கடை அகலமுள்ள உறையினால் வண்டி வீதியில் நின்று விடுகின்றது.

குளிரூட்டியின் கதையும் இத்தகையதே. காற்றைக் குளிர்விக்கும் பாகம் முன்பலகைக்குப் பின்னே ஆழத்திற் பதிந்திருக்கின்றது. அது ஓட்டையானால் முன்பலகை முழுவதையும் கழற்ற வேண்டும். பொருளின் விலையினும் கூலியே மிகும்.

ஜேர்மன் வண்டிக்கு மட்டும் உரிய குறையன்று இது. 1989இல் வெளிவந்த யப்பானிய 'லெக்ஸஸ் எல்.எஸ். 400' உலகின் மிக நம்பத்தக்க ஆடம்பர வண்டிகளுள் ஒன்றெனப் பெயர் பெற்றது. நான்கு லீற்றர், எட்டுச் சிலிண்டர் எஞ்சின் அதனுடையது. அதிலும் சுக்கானை இலகுவாக்கும் பம்பியில் எண்ணெய் கசிந்து, கீழேயிருக்கும் மின்பிறப்பாக்கியின்மேற் சொட்டி அதனைக் கெடுத்துவிடுவதுண்டு. சிறிய கசிவைப் பொருட்படுத்தாதவர் பெரிய பாகத்துக்கு விலை கொடுக்கின்றார்.

எளிய வண்டியும் நுண்ணிய வண்டியும்

நம்மூரார் வண்டி ஓட்டத் தெரியாதவர்களல்லர். 1990களிற் பொருளாதாரத் தடையின் காரணமாக யாழ்ப்பாணத்திற் பெற்றோல் அரும்பொருளானபோது, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் முதலிய வண்டிகளைச் சில துளி பெற்றோலாற் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டிய கெட்டித்தனம் நம்மவருடையது. அவை எளிய வண்டிகள். சாவியும் திருகாணியும் கையுணர்வும் போதும். பிற்காலத்து ஆடம்பர வண்டியோ கையுணர்வுக்கு மட்டும் வசப்படாது. அதற்கு வரைபடமும் அளவு கருவியும் உரிய உதிரிப்பாகமும் வேண்டும். எளிய வண்டிக்குப் பழகிய மனத்தோடு நுண்ணிய வண்டியை வாங்குவதே பலருடைய துன்பத்துக்குத் தோற்றுவாய்.

வாங்குமுன் நோக்க வேண்டியவை

முதலாவது, வண்டியைப் பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். முன்னரே சூடாக்கி வைத்திருந்தால் காரணம் கேளுங்கள். குளிரிற் கிளம்பத் தயங்குவதும், கிளம்பியதும் நீலப்புகை தள்ளுவதும் சூட்டில் மறைந்து விடும்.

இரண்டாவது, றேடியேற்றர் நீரில் எண்ணெய்ப் படலமோ, எண்ணெய் மூடியின் அடியில் மோர் போன்ற படிவோ இருந்தால் விலை பேசாமற் திரும்புங்கள்.

மூன்றாவது, தானியங்கிக் கியர்ப்பெட்டியின் எண்ணெயைத் துணியிற் தொட்டுப் பாருங்கள். சிவப்பாயிருந்தால் நன்று, கறுத்துக் கருகல் மணம் வீசினால் பெருஞ் செலவு காத்திருக்கின்றது.

நான்காவது, மினுக்கத்தை நம்பாதீர்கள். ஜாக்கி வைக்கும் இடங்களிலும், பக்கத்துப் பிளாஸ்ரிக் பலகைகளுக்குப் பின்னாலும், பின் கண்ணாடியின் கீழ் விளிம்பிலும் கறள் ஒளிந்திருக்கும். கடற்காற்றடிக்கும் ஊரில் ஓடிய வண்டியாயின் இருமடங்கு விழிப்பு வேண்டும்.

ஐந்தாவது, குளிரூட்டியைப் போட்டு, நண்பகலில், வாகன நெரிசலில் அரைமணி நேரமேனும் ஓட்டிப் பாருங்கள். அதிகாலைக் குளிரிற் காட்டப்படும் வண்டி தன் குறையைக் காட்டாது.

ஆறாவது, எல்லாவற்றினும் மேலாக, செய்த வேலைகளைத் திகதியோடு குறித்து வைத்த பதிவு இருக்கின்றதா என்று கேளுங்கள். பதிவுள்ள மூன்று இலட்சம் கிலோ மீற்றர் வண்டி, பதிவில்லாத ஒரு இலட்சம் கிலோ மீற்றர் வண்டியினும் மேலானது.

வாங்கிய பின்

வாங்கும் விலையில் நாலில் ஒரு பங்கையாவது முதலாண்டுச் செலவுக்கெனப் புறம்பாக வைக்க முடியாதவர் இத்தகைய வண்டியை வாங்காமலிருப்பதே அறிவு. வாங்கியவர் எஞ்சின் எண்ணெயை நம் நாட்டு வெப்பத்துக்கேற்ப 5,000 முதல் 7,500 கிலோ மீற்றருக்குள் மாற்றிவிட வேண்டும். கியர்ப்பெட்டி எண்ணெயை 60,000 கிலோ மீற்றருக்கு ஒருமுறை. பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது; ஆதலால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுக. றேடியேற்றரில் வெறுங் கிணற்று நீரை ஊற்றும் பழக்கம் நம்மவரிடம் உண்டு. அலுமினியப் பாகங்களை அது அரித்துவிடும். உரிய கலவையையே இட வேண்டும்.

பராமரிப்பினால் ஒரு வண்டி எவ்வளவு ஓடும் என்பதற்கு ஒரு சான்று கூறுவேன். கிரேக்க நாட்டு வாடகைக் கார்ச் சாரதியான கிரெகோரியோஸ் சச்சினிடிஸ் என்பவர், 1976ஆம் ஆண்டுப் பென்ஸ் '240 டி' வண்டியொன்றைப் பழைய வண்டியாகவே வாங்கினார். அது 46 இலட்சம் கிலோ மீற்றர் ஓடி, 2004இல் அந்நிறுவனத்தின் நூதனசாலையைச் சென்றடைந்தது. இடையில் எஞ்சின் பலமுறை மாற்றப்பட்டது. இதனை மாணவர்கள் ஊன்றி நோக்க வேண்டும். அந்த வண்டி தேயாமல் ஓடவில்லை; தேயத் தேயப் புதுக்கப்பட்டதால் ஓடியது.

அத்தானின் கொப்பி

அத்தானின் வண்டி மாமரத்தின் கீழே எட்டு மாதம் நின்றது. வயர்க் கட்டு வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்தபோது, றப்பர் வட்டுகளையும் தாங்கிகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்றார் மெக்கானிக். மருமகளின் படிப்புக்கென வைத்த பணம் கரைந்தது. அதை ஈடுசெய்ய அக்காவின் இரு காப்புகள் அடகுக் கடைக்குப் போயின. அக்கா ஒரு சொல்லும் சொல்லவில்லை. அத்தானுக்கு அதுவே பெருந் தண்டனையாயிற்று.

இன்று வண்டி ஓடுகின்றது, நன்றாகவே ஓடுகின்றது. காப்புகளில் ஒன்று மீண்டு விட்டது. மற்றது இன்னும் மீளவில்லை. மருமகள் ஓராண்டு பிந்தியேனும் படிப்பைத் தொடங்கினாள். விடுமுறையில் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வண்டியின் கணக்கை எழுதுபவள் அவளே. எந்தத் திகதியில், எத்தனை கிலோ மீற்றரில், எந்தப் பாகம், என்ன விலை என்று ஒரு கொப்பி நிறைய எழுதி வைத்திருக்கிறாள்.

அண்மையில் அயலவர் ஒருவர் பழைய ஆடம்பர வண்டி வாங்கும் எண்ணத்தோடு அத்தானிடம் யோசனை கேட்க வந்தார். வண்டியைச் சுற்றிவந்து அதன் மினுக்கத்தை வியந்தார். அத்தான் உள்ளே சென்று அந்தக் கொப்பியை எடுத்து வந்து அவர் கையிற் கொடுத்தார்.

"வண்டியைப் பிறகு பாருங்கோ, முதலிலை இதை வாசியுங்கோ. விக்கிறவரிட்டையும் இப்பிடி ஒரு கொப்பி இருக்கோ எண்டு கேளுங்கோ" என்றார்.