மேலே என்ன படிக்கப் போறே?

எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டுப் படிப்பு. அதை முடித்து வந்த பிள்ளையிடம் வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பது, "மேலே என்ன படிக்கப் போறே?" என்பதுதான். 'வெறும் எம்.பி.பி.எஸ்.' என்று சொல்ல ஊரே பழகிவிட்டது. மேற்படிப்புக் கலந்தாய்வில் கதிரியக்கவியல், தோல் மருத்துவம், பொது மருத்துவம் ஆகிய இடங்கள் முதலில் தீர்ந்துவிடுகின்றன. ஆரம்ப நிலை மருத்துவத்தையே வாழ்நாள் தொழிலாகத் தேடிப் போகிறவர் குறைவு. பணத்தாசை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அந்தப் பழி நியாயமில்லை. அந்த வேலை நன்றாகச் செய்யப்படுவதை மாணவர்கள் கல்லூரியில் பார்த்ததே இல்லை என்பதுதான் முதற்காரணம்.

1961-இல் மருத்துவ ஆய்வாளர் கெர் ஒயிட்டும் அவருடைய சகாக்களும் அமெரிக்க, பிரிட்டிஷ் தரவுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். 1000 பெரியவர்களில் ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதாவது உடல்நலக் குறை வருகிறது. 250 பேர் மருத்துவரிடம் போகிறார்கள். 9 பேர் மருத்துவமனையில் சேர்கிறார்கள். பல்கலைக்கழக மருத்துவமனை வரை போகிறவர் ஒரே ஒருவர். அந்த ஒருவரை வைத்துத்தான் மருத்துவக் கல்வி நடக்கிறது. நம் அரசு மருத்துவக் கல்லூரிகளின் புறநோயாளர் பிரிவில் சளிக்கும் காய்ச்சலுக்கும் கூட்டம் நிற்பது உண்மை. ஆனால் மாணவருக்குப் பாடமாவது வார்டில் படுத்திருக்கும் அரிய நோய். தலைவலி என்று வரும் நூறு பேரில் எவருக்கு ஸ்கேன் வேண்டும், எவருக்குத் தூக்கமும் ஆறுதலும் போதும் என்று கண்டறிவது பெரிய வித்தை. அதைக் கற்றுத்தரக் குடும்ப மருத்துவத் துறை வேண்டும். அது இருக்கிற கல்லூரிகள் சொற்பம். பாடம் நடத்தும் பேராசிரியர்களோ ஆளுக்கொரு துறையின் நிபுணர்கள். தான் பார்த்து வியந்த ஆசிரியரைப் போலாக மாணவர் ஆசைப்படுவதில் என்ன தவறு?

வருமானம் ஒரு காரணமே இல்லை என்று நான் வாதிடவில்லை. லட்சக்கணக்கில் கட்டணம் கட்டிப் படித்தவருக்கு அந்தக் கணக்கு இருக்கத்தான் செய்யும். ஆனால் பணத்தைக் கூட்டினால் மட்டும் மதிப்பு வந்துவிடாது. பிரிட்டனில் குடும்ப மருத்துவராக, ஆரம்பப் பயிற்சிக்குப் பின் தனியாக மூன்று ஆண்டுப் பயிற்சி பெற வேண்டும். அங்கே அது மேற்படிப்பு கிடைக்காதவர் ஒதுங்கும் இடமல்ல. இங்கே மக்களே நிபுணரைத்தானே தேடுகிறார்கள் என்பார்கள் சிலர். பக்கத்தில் நம்பிக்கையான மருத்துவர் நிலையாக இல்லாதபோது வேறு எங்கே போவார்கள்?

தமிழ்நாட்டில் அரசுப் பணியிலுள்ள மருத்துவர்களுக்கு மேற்படிப்பில் இட ஒதுக்கீடு உண்டு. அப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு உரிமை இருப்பதை 2020-இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு இளம் மருத்துவர்களை ஈர்த்ததில் இதன் பங்கு பெரிது. இதைக் கைவிடக் கூடாது. ஆனாலும் இது அந்த நிலையத்தை ஏணியின் ஒரு படியாக்குகிறது. கெட்டிக்காரர் சீக்கிரம் ஏறிப் போய்விடுகிறார். அதே ஏணியின் உச்சியில் குடும்ப மருத்துவ எம்.டி. இடங்களையும் போதிய அளவில் வைத்து, படித்து முடித்தவர் அதே வட்டாரத்துக்கு உரிய பதவியோடு திரும்ப வழி செய்யலாம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அந்த மாத்திரையின் அளவை எப்போது மாற்ற வேண்டும் என்று சொல்ல, அந்த நோயாளியைப் பத்து வருடமாகப் பார்த்துவரும் ஒரு மருத்துவர் அங்கே இருக்க வேண்டும்.