சிவப்பணுவுக்குள் ஓர் ஏற்றுமதி

திருப்பூரிலிருந்து பனியன் பெட்டி கிளம்புமுன் அதன்மேல் போகவேண்டிய ஊரும் எண்ணும் அச்சாகும். அந்த அடையாளம் இல்லாத பெட்டி கிடங்கைத் தாண்டாது. மலேரியா ஒட்டுண்ணியும் ஏறக்குறைய இதையேதான் செய்கிறது.

நம் ரத்தச் சிவப்பணுவில் உட்கரு கிடையாது. புதிதாகப் புரதம் தயாரிக்கும் வசதியும் இல்லை. உள்ளே குடியேறும் ஃபால்சிபாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணி எல்லா ஏற்பாட்டையும் தானே செய்துகொள்கிறது. தான் தயாரிக்கும் புரதங்களில் எவை தன்னைத் தாண்டிச் சிவப்பணுவுக்குள் போகவேண்டும் என்பதற்கு, ஐந்தே அமினோ அமில நீளத்தில் ஒரு குறி வைத்திருக்கிறது.

2004-இல் இதை இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டன. ஒன்று மெல்போர்ன் குழு. மற்றது கஸ்தூரி ஹால்டரின் அமெரிக்க ஆய்வகம். அந்த ஆய்வகத்தின் கட்டுரையில் முதல் பெயர், அப்போது முனைவர் பட்ட மாணவியாக இருந்த லூயிசா ஹில்லருடையது. மாணவர் பெயர் முன்னால் வருவது நியாயம்தானே!

இப்படிப் போகும் புரதங்கள் சிவப்பணுவின் மேற்பரப்பில் சிறு முடிச்சுகளை உண்டாக்குகின்றன. அங்கிருந்து நீளும் இன்னொரு புரதம் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதனால் மண்ணீரலின் வடிகட்டலுக்கு ஒட்டுண்ணி தப்பிவிடும். இப்படி ஒட்டிய சிவப்பணுக்களால் மூளையின் நுண்குழாய்கள் அடைபட்டால் உயிருக்கே ஆபத்து.

மலேரியா அதிகமுள்ள ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கம் ஊருக்குப் போய்த் திரும்பியவருக்குக் குளிர்காய்ச்சல் வந்தால், மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை இலவசம், அன்றைக்கே போய்விடுங்கள்.