உங்களுக்குத் தெரியுமா? டாஸ் கேட்கிறது பிரிண்டர்!

டெல்லி நேரு பிளேஸ் பக்கம் போயிருக்கிறீர்களா? லேப்டாப்பும் கிராபிக்ஸ் கார்டும் கூவிக் கூவி விற்கும் அந்தச் சந்தையில், தடதடவென்று அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு இன்றும் ரிப்பன் கிடைக்கிறது!

அந்தப் பிரிண்டர்களில் பல நம்ம ஊர்ச் சரக்கு! எம்எஸ்பி என்ற பிரிண்டர் வரிசையைத் தரும் டிவிஎஸ் எலெக்ட்ரானிக்ஸின் தலைமையகம் சென்னை!

இந்தப் பிரிண்டர்களுக்கு வேலை கொடுப்பவை பெரும்பாலும் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துப் புரோகிராம்கள். டாஸ் புரோகிராமுக்கு யூஎஸ்பி என்றால் என்னவென்றே தெரியாது. வைஃபை? கேட்கவே வேண்டாம்! அச்சடிக்க அது வழக்கமாகத் தேடும் வாசல்கள் மூன்று: எல்பிடி1, எல்பிடி2, எல்பிடி3!

அப்படியானால் ஃபாக்ஸ்புரோ என்ற பழைய டாஸ் மென்பொருளில் போட்ட பில் பக்கத்து அறை நெட்வொர்க் பிரிண்டரில் எப்படி வருகிறது? 'நெட் யூஸ்' என்று ஒரே ஒரு வரிக் கட்டளை! எல்பிடி1 என்ற பெயரை அந்தப் பிரிண்டருக்குச் சூட்டிவிடும். பாவம், புரோகிராமுக்குக் கடைசிவரை விஷயமே தெரியாது!

இதைவிட வேடிக்கை கேளுங்கள். பிரிண்டர் அதே கணினியில் யூஎஸ்பியில் தொங்குகிறதா? அதை 'ஷேர்' செய்து, தன் பிரிண்டரைத் தானே நெட்வொர்க் வழியாகக் கூப்பிட வைக்கலாம். தன் வீட்டுக் கதவைத் தானே தட்டுகிற கதை! நெட்வொர்க்கே இல்லையா? விண்டோஸில் 'லூப்பேக் அடாப்டர்' என்று ஒரு பொய் நெட்வொர்க் கார்டே இருக்கிறது!

பிரிண்ட் கொடுத்தும் பிரிண்டர் சும்மா நிற்கிறதா? திட்டாதீர்கள். டாஸ் புரோகிராம் இன்னும் ஏதாவது அனுப்புமோ என்று பழைய விண்டோஸ் காத்திருக்கும். எவ்வளவு நேரம்? 15 விநாடி!

லேசர் பிரிண்டரில் கடைசிப் பக்கம் வெளியே வர அடம்பிடிக்கிறதா? மந்திர எண் 12! அந்த எண்ணுள்ள குறியை அனுப்பினால் தாள் வெளியே!

எண் 15 அனுப்பினால்? எப்சன் வழி வந்த டாட் மேட்ரிக்ஸில் எழுத்து சுருங்கும். 80 எழுத்து வரியில் 130-க்கும் மேல் அடங்கும்!

சில மலிவு லேசர் பிரிண்டர்களுக்கு எழுத்தறிவே கிடையாது! விண்டோஸ் படமாக வரைந்து கொடுத்தால்தான் அடிக்கும். டாஸ் அனுப்பும் வெறும் 'ஏ', 'பி' அதற்குப் புரியவே புரியாது. கேபிளை மாற்றி மாற்றிச் செருகினாலும் பயனில்லை!

பழைய பிரிண்டரின் பின்னால் இருக்கும் அந்த அகலமான 36 முனை இணைப்பான் எப்படி வந்தது? 1970-ல் முதல் சென்ட்ரானிக்ஸ் பிரிண்டர் செய்தபோது, கால்குலேட்டருக்கு வாங்கி மிஞ்சிக் கிடந்த சரக்கு அது. எத்தனை? 20,000!

விண்டோஸ் 11-ல் டாஸ் புரோகிராம் நேரடியாக ஓடவே ஓடாது! கைகொடுப்பது எது? பழைய விளையாட்டுகளுக்காகச் செய்த டாஸ்பாக்ஸும், அதிலிருந்து பிறந்த வி-டாஸும்!

'கான்' என்ற பெயரில் ஃபோல்டர் திறக்க முடியாததை ஓர் இந்தியர் கண்டுபிடித்தார், மைக்ரோசாஃப்ட்டே திகைத்தது என்று ஒருகாலத்தில் மின்னஞ்சல் சுற்றியதே, ஞாபகமிருக்கிறதா? சுத்தக் கப்சா! கீபோர்டுக்கும் திரைக்கும் டாஸ் வைத்த பெயர் அது. பிரிண்டரின் பெயரான எல்பிடி1-க்கும் அதே தடைதான். நம்பவில்லையா? உங்கள் விண்டோஸில் அந்தப் பெயரில் ஒரு ஃபோல்டர் திறந்து பாருங்கள்!