எந்தப் பிரதி மூலப் பிரதி?

மட்டக்களப்பு மாவட்டத்தின் களுதாவளைக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. 2004 டிசம்பர் 26 அன்று இந்தக் கிழக்குக் கரையில் சுனாமி புகுந்தபோது பல்லாயிரம் பேரைப் பற்றிய விபரங்களும் சிதறிப்போயின. யாரைக் காணவில்லை, யார் எந்த முகாமில், எங்கே என்ன தேவை என்று நாடு முழுவதற்குமாகப் பதிந்துவைக்க, கொழும்பில் தன்னார்வலர்கள் அவசர அவசரமாக எழுதிய மென்பொருள்தான் சகனா. 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் அது கைகொடுத்தது. 2010இல் ஹெய்ட்டிக்குப் போனது அதன் வழிவந்த 'சகனா ஈடன்'.

பல நாட்டவர் ஒரே நிரலில் கைவைக்கும்போது, இன்று எது சரியான பிரதி என்பதே பெரிய கேள்வியாகிவிடும். ஆரம்பத்தில் சகனாவின் நிரல் சி.வி.எஸ். என்ற முறையில் இருந்தது. அதில் மாற்றங்களின் வரலாறு முழுவதும் ஒரே சேவையகத்தில் கிடக்கும். நம் கணினிக்கு வருவது கோப்புகள் மட்டும். இணைப்பு அறுந்தால் நிரல் எழுதலாம், ஆனால் மாற்றங்களை அந்த வரலாற்றில் பதிய முடியாது. ஓர் அறையில் கூடியிருந்து வேலை செய்கிறவர்களுக்கு அது போதும். பேரிடர் நடந்த ஊரில் இணைப்பை நம்பியிருக்க முடியுமா?

மாறாக, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கிய 'கிட்' என்ற முறையில் முழு வரலாறும் ஒவ்வொருவர் கணினியிலும் இருக்கும். ஒவ்வொரு பதிவுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்ட 40 இலக்க அடையாளம் உண்டு. ஒரு காற்புள்ளி மாறினாலும் அடையாளம் அடியோடு மாறிவிடும். முந்தைய பதிவின் அடையாளமும் அந்தக் கணக்கில் சேர்வதால், பழைய பதிவொன்றைத் திருத்தினால் அதற்குப் பின்வந்த எல்லாமே வேறாகும். கடலுக்கு இருபுறமும் உள்ள இரு கணினிகள், தம்மிடம் இருப்பது ஒரே வரலாறுதானா என்று அறிய, கடைசிப் பதிவின் அந்த 40 இலக்கங்களை ஒப்பிட்டால் போதும். எனக்கு இது இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

இருவர் செய்த மாற்றங்களை இணைப்பதும் அப்படித்தான். முகாம் பதிவுப் படிவத்தை எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்பில் ஒருவர் அதன் மேல்பகுதியில் 'வயது' என்பதை 'அண்ணளவான வயது' ஆக்குகிறார். கொழும்பில் இன்னொருவர் அடிப்பகுதியில் 'கிராம சேவகர் பிரிவு' சேர்க்கிறார். கிட் இந்த இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடுவதோடு நிறுத்தாது. இருவருக்கும் பொதுவாயிருந்த கடைசிப் பிரதியைத் தேடியெடுத்து, அதிலிருந்து யார் எதை மாற்றினார் என்று பார்த்து இரண்டையும் சேர்த்துக்கொள்ளும். இருவரும் ஒரே இடத்தை வெவ்வேறாக மாற்றியிருந்தால் இரண்டையும் காட்டிவிட்டு நம் முடிவுக்குக் காத்திருக்கும். ஆனால் பொருள் அதற்குத் தெரியாது. மேலே ஒருவர் நீக்கிய ஒன்றைக் கீழே மற்றவர் பயன்படுத்தியிருந்தாலும் பேசாமல் இணைத்துவிடும். ஓட்டிப் பார்க்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

சகனா ஈடனும் முதலில் கிட்டைப் போலவே வரலாறு ஒவ்வொருவரிடமும் இருக்கும் பசார் என்ற முறையிலும், பின்னர் கிட்டிலும் வளர்ந்தது. புதிதாகக் குழு தொடங்கும் நம் பிள்ளைகளும் கிட்டையே எடுக்கட்டும். பிரதான கிளை ஒன்றே போதும். தனியே வேலை செய்யக் கிளை பிரித்தால் ஓரிரு நாளில் இணைத்துவிட வேண்டும். வாரக்கணக்கில் விட்டால் இணைப்பதே தனி வேலையாகிவிடும். படங்கள், காணொளிகளை இப்படி வரிவரியாக இணைக்க வழியில்லை. அவற்றை ஒருவர் திருத்தும்போது மற்றவர் தொடாதபடி பூட்டி வைப்பதே நல்லது.