முழுத்தொடையும் பேக்கரிப் போறணையும்

கொழும்புத் தமிழர் குசினிக்குள் ஆட்டின் ஒரு தொடை வெட்டுப்படாமல் முழுசாக வருவது முன்பெல்லாம் அபூர்வம். யாழ்ப்பாணத்து வழக்கத்தில் வளர்ந்தவர்களுக்குப் பங்கு இறைச்சிதான் இறைச்சி. தீபாவளிக்கு நாலைந்து வீடுகள் சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கிப் பங்கு போட்டால் தொடை, நெஞ்செலும்பு, ஈரல், குடல் என்று எல்லாம் எல்லாப் பங்கிலும் கொஞ்சம் விழவேண்டும். ஒரு வீட்டுக்கு மட்டும் தொடை முழுசாகப் போய்விட்டால் அது பங்கே அல்ல. வெள்ளவத்தையில் குடியேறியவர்கள் சந்தையில் நிறுத்து வாங்கப் பழகிய பிறகும் அந்த மனம் மாறவில்லை. இறைச்சி வந்தால் துண்டு போட்டுக் கறியாக்குவார்கள், அல்லது பிரட்டல். வெள்ளிக்கிழமையும் விரத நாட்களும் அதுவும் இல்லை.

கொட்டாஞ்சேனை வேறு உலகம். புனித லூசியாள் பேராலயம், கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், ஒல்லாந்தர் 1757இல் திறந்த வுல்பெண்டால் தேவாலயம் என்று நடந்தே போய்வரக்கூடிய தூரத்துக்குள் தமிழ்க் கத்தோலிக்கரும் கொழும்புச் செட்டிகளும் பறங்கியரும் சுவரோடு சுவராக வாழ்ந்தார்கள். நத்தார் மதியத்துக்கு மேசை நடுவில் றோஸ்ட் இருக்கவேண்டும் என்ற எண்ணம் பறங்கியர் வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு மதில் தாண்டி வந்தது. இறைச்சிக்கடைகள் பெரும்பாலும் முஸ்லிம்களின் கையில் இருந்தன. டிசம்பர் பிறந்ததும் போய்ச் சொல்லி வைப்பார்கள்: "நானா, நத்தாருக்குப் பின்தொடை ஒன்று, வெட்டாம முழுசா வேணும்." ஓர் ஆட்டுக்குப் பின்தொடை இரண்டுதானே. கேட்பவர்கள் பலர். பிந்திப் போனவர்களுக்கு முன்தொடைதான்.

அந்தத் தொடை வெள்ளாட்டுத் தொடை. இதைச் சொல்லாமல் இந்தக் கதையில் ஓரடியும் நகர முடியாது. ஆங்கிலச் சமையல் புத்தகங்கள் பேசுவது இளஞ்செம்மறியைப் பற்றி. நம் வடக்கில் செம்மறி உண்டு, ஆனால் உடல் சிறியது, கொழுப்பும் குறைவு. கொழும்பில் மட்டன் என்று கேட்டால் கடைக்காரர் தருவது வெள்ளாடு. புத்தகத்துச் செம்மறி இங்கே வந்ததென்றால் அது குளிர்க்கப்பலில் வந்தது. 1882இல் டனீடின் என்ற பாய்க்கப்பல் நியூசிலாந்திலிருந்து லண்டனுக்கு உறைந்த இறைச்சியைக் கெடாமல் கொண்டு சேர்த்த பிறகுதான் உறைந்த இறைச்சி கடல் கடக்கும் சரக்கானது. கொழும்பில் 1866இலேயே ஓர் ஐஸ் கம்பெனி தொடங்கியிருந்தது. பின்னாளில் அதுவே சிலோன் கோல்ட் ஸ்டோர்ஸ் ஆயிற்று. கொம்பனித்தெருவில் இருந்த அதன் எலிபன்ட் ஹவுசில் வெளிநாட்டுத் தொடை வாங்குவது துரைமாருக்கும் கறுவாத்தோட்டத்துப் பெரிய வீடுகளுக்கும்தான் கட்டுப்படியானது. 1929இல் ஹில்டா டியூட்ரம் தொகுத்து வெளிவந்த 'சிலோன் டெய்லி நியூஸ்' சமையல் புத்தகம் பல வீடுகளின் அலுமாரிக்குள் புகுந்தது. ஆனாலும் கொட்டாஞ்சேனைக் குசினிகளில் றோஸ்ட் போட்ட பெண்கள் புத்தகத்தைப் பார்த்துச் செய்யவில்லை. கையிலிருந்த ஆட்டைப் பார்த்துச் செய்தார்கள்.

அவர்களிடம் ஓவனும் இல்லை. வழி இரண்டு இருந்தது. ஒன்று, பெரிய பாத்திரம். தொடையை முள்ளுக்கரண்டியால் ஆழக் குத்தி, உள்ளி, இஞ்சி, மிளகு, உப்பு அரைத்துத் தேய்த்து, தென்னங்கள்ளு வினாகிரியில் இரவு முழுக்க ஊறவிடுவார்கள். சிலர் பப்பாசிக்காயை அரைத்துப் பூசுவார்கள், அதில் கவனம் வேண்டும், கூடினால் இறைச்சி மாவாகிவிடும். மறுநாள் கறுவா, ஏலம், கராம்போடு பாதித் தொடை மூழ்கத் தண்ணீர் விட்டு, மூடி, சிறுதீயில் ஒன்றரை இரண்டு மணி நேரம். தண்ணீர் வற்றியதும் நெய் விட்டுத் திருப்பித் திருப்பிச் சிவக்க வைப்பார்கள். மூடிமேல் சிரட்டைத் தணலைக் கொட்டினால் மேற்புறமும் நிறம் பிடிக்கும். கேக் சுட்ட கையும் அதே கைதான், மேலும் கீழும் நெருப்பு வைக்கத் தெரிந்த கை.

இரண்டாவது வழி பேக்கரிப் போறணை. செங்கல்லால் கட்டிய அந்தக் கூட்டுக்குள்ளேயே விறகை அடுக்கி எரித்து, தணலை வாரி வெளியே தள்ளிவிட்டுப் பாணை உள்ளே விடுவார்கள். பாண் இறங்கிய பிறகும் செங்கல் மணிக்கணக்கில் சூட்டை வைத்திருக்கும். அந்தச் சூடு ஏறாது, ஆறி ஆறிக் குறைந்துகொண்டே போகும். நத்தார் வாரத்தில் பேக்கரிக்காரர் அந்த நேரத்தை ஊருக்கு விட்டுக்கொடுப்பார். பெயரெழுதிய கேக் தட்டுகளோடு றோஸ்ட் தட்டுகளும் போகும். கையில் கொஞ்சம் காசு, தெரிந்தவர் என்றால் பிறகு ஒரு துண்டு கேக். தன் தட்டு எந்த மூலையில் இருக்கிறது என்று பார்க்க வந்தவர்கள் அடுத்த தட்டில் என்ன இருக்கிறதென்றும் பார்த்துவிட்டுப் போவார்கள்.

இந்த இரண்டையும் வசதியில்லாத காலத்துச் சமாளிப்பு என்று சொல்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. வெள்ளாட்டுத் தொடைக்கு வேண்டியது இதுதான். செம்மறித் தொடையின்மேல் ஒரு கொழுப்புப் போர்வை உண்டு. சூட்டில் அது உருகித் தசைமேல் வழிந்து காக்கும். உள்ளே வெப்பம் 63 பாகை செல்சியஸ் தொட்டதும் இறக்கினால் இளஞ்சிவப்பும் ஈரமும் நிற்கும். வெள்ளாட்டுக்கு அந்தப் போர்வை கிடையாது. நார் இறுக்கமானது. அந்த இணைப்புத் திசு இளகிக் கூழாக வேண்டுமானால் 80 பாகையும் தாண்டி, ஈரத்தோடு, நெடுநேரம் இருக்கவேண்டும். வற்றிப்போகும் பாத்திரமும் ஆறிப்போகும் போறணையும் அதைத்தான் செய்தன. நம்மவர்கள் இறைச்சியில் சிவப்புத் தெரிந்தால் தட்டைத் தள்ளிவிடுவார்கள் என்பதும் சேர்ந்தால், அந்த முறைக்கு மேலான முறை இல்லை.

அறுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. 1977இல் கதவு திறக்கும்வரை வெளிநாட்டுத் தொடை பெரிய வீடுகளுக்கும் எட்டாமல் போனது. கொட்டாஞ்சேனைக்கு அதனால் பெரிய நட்டமில்லை, அங்கே வெள்ளாடுதானே. 1983 ஜூலை வேறு கணக்கு. வெள்ளவத்தையில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. லண்டனுக்கும் டொரொண்டோவுக்கும் போனவர்கள் அங்கே செம்மறித் தொடையைச் சாதாரணமாக வாங்கி, வீட்டு ஓவனில் வைத்துப் பழகினார்கள். பிறகு டிசம்பர் விடுமுறைக்கு வெள்ளவத்தைத் தொடர்மாடிகளுக்கு வந்து தங்கும்போது அந்தப் பழக்கத்தையும் கூட்டி வந்தார்கள்.

இன்று காலி வீதியில் எந்தப் பெரிய சுப்பர்மார்க்கட்டிலும் உறைந்த இறைச்சிப் பெட்டிக்குள் அவுஸ்திரேலியத் தொடையைத் தேடலாம். முன்கூட்டிச் சொல்லி வைக்கத் தேவையில்லை. போயா நாளில் இறைச்சிக்கடை பூட்டியிருக்கும் என்ற நினைவு மட்டும் வேண்டும். 2023இல் நத்தாருக்கு மறுநாளே உந்துவப் போயா, விருந்தாளி 26ஆம் திகதி என்றால் முன்பே வாங்கி வைத்திருக்கவேண்டும். பங்கு போட்ட வீடுகளின் பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் காணொளி பார்த்து, றோஸ்மேரி வாங்கி, முழுத்தொடையை ஒரே வீட்டில் வைக்கிறார்கள். ஆசை நல்லது. ஆனால் காணொளி செம்மறிக்குச் சொன்ன நேரத்தை வெள்ளாட்டுக்கு வைத்துவிட்டு, கயிறுபோல இழுபடும் இறைச்சியை மென்றபடி ஆட்டையோ கடைக்காரரையோ குறை சொல்வதைப் பல மேசைகளில் கேட்டிருக்கிறேன். வேறு பல வீடுகளில் அடுப்புக்குக் கீழே உள்ள ஓவனுக்குள் தாச்சியும் தட்டும்தான் இருக்கின்றன.

ஓவன் மூடிக் கிடப்பதற்குச் செலவும் காரணம். 2021 ஒக்டோபரில் விலைக்கட்டுப்பாடு நீங்கியதும் 1,493 ரூபாய்க்கு விற்ற 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டர் 2,675 ரூபாயானது. 2022 ஏப்ரலில் 4,860. அந்த இரண்டுக்கும் நடுவே வந்த நத்தாரில் சிலிண்டர் வெடிப்புச் செய்திகளைக் கேட்டு அடுப்பைப் பற்றவைக்கவே கை கூசியது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்சாரம் இல்லை. கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் கல்லடுப்பு மூட்ட முடிந்தவர்கள் மூட்டினார்கள். ஆறாம் மாடியில் இருப்பவருக்கு அந்த வழியும் இல்லை. அதன் பிறகு மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறியது. இரண்டு கிலோவாட் ஓவன் மூன்று மணி நேரம் எரிந்தால் ஆறு யூனிட் வரை போகும். தொடை வாங்கியவர் அதையும் சேர்த்தே கணக்குப் பார்க்கிறார்.

என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் சொல்வது கொட்டாஞ்சேனை முறையைத்தான். வெள்ளாட்டுத் தொடையை இரவே வினாகிரியிலும் மசாலாவிலும் ஊறவிடுங்கள். மறுநாள் ஆழமான தட்டில் வைத்து, ஊறிய சாற்றோடு இரண்டு கோப்பைத் தண்ணீர் விட்டு, அலுமினியத் தாளால் ஆவி போகாமல் இறுக்கி மூடி, 160 பாகையில் இரண்டரை மணி நேரம். எலும்பைப் பிடித்து அசைத்தால் தசை நெகிழவேண்டும், நெகிழாவிட்டால் இன்னும் அரை மணி. பிறகு தாளை நீக்கி, நெய் தடவி, 200 பாகையில் இருபது நிமிடம். மின்சாரச் செலவு யோசனை என்றால் முதல் இரண்டரை மணியையும் அடுப்பிலேயே பாத்திரத்தில் முடித்து, கடைசி இருபது நிமிடத்துக்கு மட்டும் ஓவனைப் போடுங்கள். வெட்டுமுன் கால் மணி நேரம் மூடி வையுங்கள், சாறு தட்டில் ஓடாது. உருளைக்கிழங்கைக் கடைசி முக்கால் மணிக்கு அந்தச் சாற்றுக்குள்ளேயே போடலாம். மிஞ்சிய இறைச்சியைக் கொத்தி மறுநாள் பற்றீசுக்கு வைக்கலாம், எலும்பை மிளகுத் தண்ணிக்குப் போடலாம்.