பழைய வெப்லி ரிவால்வர்: சிலிண்டரின் பின்பக்கத்தைச் சீவியது ஏன்? அதில் என்ன ஆபத்து?

அமெரிக்காவில் ஒருவர் பழைய ரிவால்வர் ஒன்றை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் துப்பாக்கி, வெப்லி மார்க் 6. தோற்றத்தில் குறை எதுவும் இல்லை. பிடி இறுக்கமாக இருக்கிறது, நடுவில் மடக்கினால் 'டக்'கென்று திறக்கிறது. ஆனால் சிலிண்டரின் பின்விளிம்பில் அடித்திருக்கும் சீரியல் எண்ணில் மட்டும் ஏதோ இடிக்கிறது. எண்களின் மேல்பாதிதான் தெரிகிறது. கீழ்பாதியை யாரோ கத்தியால் நறுக்கி எடுத்ததுபோல் காணோம்!

துரு தின்றுவிட்டதா? இல்லை. யாரோ ஒரு மெக்கானிக் சிலிண்டரை லேத்தில் மாட்டி, பின்பக்கத்தை மெல்லிசாகக் கடைந்து எடுத்திருக்கிறார். பழைய துப்பாக்கி சேகரிப்பவர்கள் இதை 'ஷேவ்டு' வெப்லி என்கிறார்கள். அதாவது சிரைக்கப்பட்ட துப்பாக்கி. பெயர் வேடிக்கையாக இருந்தாலும் மேட்டர் சீரியஸ். இந்த வேலை தெரியாமல் சுட்டால் துப்பாக்கி கையிலேயே வெடிக்க வாய்ப்பு உண்டு.

அப்படி என்ன தேவை வந்தது?

இதற்குத் தோட்டாவிலிருந்து தொடங்க வேண்டும். பிரிட்டிஷ் ராணுவம் 1887 முதல் பர்மிங்ஹாமில் தயாரான வெப்லி ரிவால்வர்களைப் பயன்படுத்தியது. 1915-ல் வந்த மார்க் 6 அந்த வரிசையில் கடைசி. இவை சுடுவது .455 என்ற தோட்டா. குண்டு கனமானது, சுமார் 17 கிராம். ஆனால் மெதுவாகப் போகும், நொடிக்கு ஏறக்குறைய 180 மீட்டர்தான்.

இந்தத் தோட்டாவின் அடியில் ஆணித்தலை மாதிரி ஒரு விளிம்பு இருக்கும். சிலிண்டர் துளைக்குள் போட்டால் அந்த விளிம்புதான் தோட்டா உள்ளே நழுவாமல் பிடித்து நிறுத்தும். துப்பாக்கியை மடக்கும்போது காலித் தோட்டாக்களைத் தூக்கி வெளியே தள்ளுவதற்கும் அதே விளிம்புதான் பிடிமானம்.

அமெரிக்க ராணுவத்தின் கதை வேறு. 1911-ல் அங்கே ஏற்கப்பட்ட கோல்ட் பிஸ்டல் சுட்டது .45 ஏசிபி தோட்டா. பிஸ்டலில் தோட்டாக்கள் மேகசினில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். விளிம்பு துருத்திக்கொண்டு இருந்தால் சிக்கும். அதனால் இந்தத் தோட்டாவுக்குத் துருத்தும் விளிம்பே கிடையாது.

1917-ல் அமெரிக்கா போரில் குதித்தபோது பிஸ்டல்கள் போதவில்லை. கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இரண்டு கம்பெனிகளிடமும் 'அதே .45 தோட்டாவைச் சுடுகிற ரிவால்வர் செய்து கொடுங்கள்' என்றது அரசு. விளிம்பில்லாத தோட்டாவை ரிவால்வரில் எப்படிப் பிடித்து நிறுத்துவது? அரைவட்டத் தகடு ஒன்றில் மூன்று தோட்டாக்களைச் செருகி, இரண்டு தகடுகளை உள்ளே வைத்தால் ஆறு தோட்டா ஆச்சு. இதுதான் 'ஹாஃப் மூன் கிளிப்', தமிழில் சொன்னால் அரை நிலாத் தகடு. எனக்கு இந்த மொத்தக் கதையிலும் பிடித்த விஷயம் இதுதான். ஒரு சின்ன இரும்புத் துண்டு ஏறக்குறைய 3 லட்சம் ரிவால்வர்களை வேலைக்குத் தயாராக்கியது.

லேத் எங்கே வந்தது?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனுக்கு பழைய வெப்லிகள் தேவைப்படவில்லை. அங்கே 1930-களிலேயே .38 ரிவால்வருக்கு மாறிவிட்டார்கள். மிச்சமான துப்பாக்கிகள் கப்பலேறி அமெரிக்கச் சந்தைக்குப் போயின. 1968-ல் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வரும்வரை இந்த வியாபாரம் ஜோராக நடந்தது.

துப்பாக்கி மலிவு. தோட்டா? .455 அங்கே தேடினாலும் எளிதில் கிடைக்காது. ஆனால் .45 ஏசிபி ராணுவ உபரியாகக் குவிந்து கிடந்தது. இரண்டின் விட்டமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அரை நிலாத் தகடோடு சேர்த்து வைக்கத்தான் பின்னால் கொஞ்சம் இடம் போதவில்லை. வியாபாரி மூளை என்ன சொல்லும்? 'சிலிண்டரைக் கொஞ்சம் சீவிடு!' சீவினார்கள். 'ஈசியா கிடைக்கிற தோட்டாவையே சுடலாம்' என்று விற்றார்கள்.

இதுல என்ன பிரச்னை?

தோட்டா உள்ளே பொருந்துகிறது என்பதற்காக அதைத் துப்பாக்கி தாங்கும் என்று அர்த்தமில்லை. .455 தோட்டா வெடிக்கும்போது உருவாகும் அழுத்தம், சதுர அங்குலத்துக்கு அதிகபட்சம் சுமார் 13,000 பவுண்டு. .45 ஏசிபி-க்கு அனுமதிக்கப்பட்ட உச்சம் 21,000 பவுண்டு. பாதிக்கும் மேல் கூடுதல்.

துப்பாக்கி விற்பனைக்கு வருவதற்கு முன் வேண்டுமென்றே அதிக அழுத்தத் தோட்டாவைச் சுட்டுச் சோதிப்பார்கள். 'ப்ரூஃப்' சோதனை என்று பெயர். இன்றைய ஐரோப்பிய விதிப்படி கைத்துப்பாக்கிகளுக்கு இது வழக்கத்தைவிட 30 சதவீதம் கூடுதல். அந்தக் கணக்கை வெப்லிக்குப் போட்டுப் பாருங்க, சோதனைத் தோட்டாவே சுமார் 17,000 பவுண்டுதான் வரும். அதாவது சீவிய வெப்லியில் முழு வலு .45 தோட்டா போடும் ஒவ்வொரு முறையும், வாழ்நாளில் ஒருமுறை நடக்க வேண்டிய சோதனையை மிஞ்சிய அடி விழுகிறது. அதுவும் நூறு வயது இரும்பின்மேல்.

'நான் பத்து வருஷமா சுடுறேன், ஒண்ணும் ஆகலையே' என்பவர்களும் உண்டு. இருக்கலாம். வெயிட்டை அடைத்துக்கொண்ட குக்கரும் முதல் நாளே வெடிப்பதில்லை. உலோகம் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் களைக்கும். வெப்லி நடுவில் மடங்கித் திறக்கும் ரகம் என்பதால் கீலும் மேல் கொக்கியும் முதலில் தளரலாம். அது கண்ணுக்குத் தெரியும். சிலிண்டர் சுவரில் ஓடும் மயிரிழை விரிசல் தெரியாது. அது விட்டுப்போகும் நாளில் சுடுபவரின் விரல்களுக்கும் பக்கத்தில் நிற்பவரின் கண்ணுக்கும்தான் ஆபத்து.

சரி, பழைய தோட்டாவையே போடலாமே?

அங்கேதான் சிக்கல். சீவிய சிலிண்டரில் .455-ன் மெல்லிய விளிம்புக்கும் பின்சுவருக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிடும். சுத்தியல் அடித்தாலும் தோட்டா முன்னே நகர்ந்துகொண்டு வெடிக்காமல் போகலாம். ஆக, அந்தத் துப்பாக்கி தன் சொந்தத் தோட்டாவையும் ஒழுங்காகச் சுடாது, வந்த தோட்டாவையும் தாங்காது. இதற்கு ஒரு நடுவழி, 1920-ல் பீட்டர்ஸ் கம்பெனி கொண்டுவந்த .45 ஆட்டோ ரிம். இதன் விளிம்பு தகட்டின் இடத்தையும் சேர்த்து நிரப்பும் அளவுக்குத் தடிமன். அனுபவமுள்ள சேகரிப்பாளர்கள் இதில் அழுத்தம் குறைந்த தோட்டாக்களை மட்டும் பயன்படுத்துகிறார்கள். கடையில் கிடைக்கும் முழு வலு .45 தோட்டாவை அவர்கள் தொடுவதில்லை.

சீவியதா இல்லையா என்று பார்க்க முதல் அடையாளம் அந்தச் சீரியல் எண்தான். எண் முழுசாக இருந்தால் பெரும்பாலும் நிம்மதி. எண் வெட்டுப்பட்டிருந்தாலோ, சிலிண்டருக்குப் பின்னால் வழக்கத்துக்கு மாறாகச் சந்து தெரிந்தாலோ, பரிசோதிக்காமல் சுடக்கூடாது.

இந்தியாவில் இது நடக்குமா?

பிரிட்டிஷ் ஆட்சியில் வெப்லிகள் இங்கேயும் புழங்கின. ஆனால் .455 தனிநபர்களுக்குத் தடைசெய்யப்பட்ட ரகம். 1959 ஆயுதச் சட்டத்தின் 6-வது பிரிவின்படி, குழலைக் குட்டையாக்குவதற்கும் துப்பாக்கியை ஒரு வகையிலிருந்து வேறு வகைக்கு மாற்றுவதற்கும் தனி உரிமம் வேண்டும். அமெரிக்காவில் நடந்ததுபோல் தெருமுனைப் பட்டறையில் லேத்தில் மாட்டிக் கடைய முடியாது.

அங்கே இப்போது நிலைமை தலைகீழ். ஒரு காலத்தில் 'வசதி' என்று சொல்லி விற்கப்பட்ட சீவல், இன்று விலையைக் குறைக்கும் குறை. சீவாத, எண் முழுசாக இருக்கும் மார்க் 6 கிடைத்தால் சேகரிப்பாளர்கள் கூடுதல் பணம் கொடுத்து வாங்குகிறார்கள்.