சிற்றுருப் போர் விளையாட்டு

சிற்றுருப் போர் விளையாட்டு என்பது, போர்வீரர், குதிரைகள், பீரங்கிகள், ஊர்திகள், கப்பல்கள் முதலியவற்றின் சிறிய உருவங்களை மேசை மீதோ தரையிலோ நிறுத்தி, இருவரோ பலரோ கூடி ஒரு போரை விதிகளின்படி நடத்திப் பார்க்கும் விளையாட்டு ஆகும். படை நகரும் தொலைவு அளவுநாடாவால் அளக்கப்படுகிறது. சுட்டது பட்டதா என்பதைப் பகடை முடிவு செய்கிறது. மலை, ஆறு, காடு, வீடு ஆகியவை மாதிரிகளாக மேசை மீது வைக்கப்படுகின்றன.

சதுரங்கத்துடன் ஒப்பிட்டால் இதன் இயல்பு எளிதில் விளங்கும். சதுரங்கத்தில் ஒரு காய் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. சிற்றுருப் போர் விளையாட்டில் பொதுவாகக் கட்டங்களே இல்லை. மதிலுக்குப் பின்னால் நிற்கும் வீரன் எதிரியின் கண்ணுக்குத் தெரிவானா, இடைத்தொலைவு ஆறு அங்குலமா அல்லது அதற்குச் சற்று மேலா என்பன போன்ற கேள்விகள் ஒவ்வொரு ஆட்டத்திலும் எழுகின்றன. விதிநூல் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் அவை அனைத்துக்கும் அதில் விடை இராது. ஆகவே இவ்விளையாட்டுக்கு ஒரு நல்ல நடுவரோ, ஒருவரையொருவர் நம்பும் நண்பர்களோ இன்றியமையாதவர்கள். இதன் வரலாற்றையும் விதிக்கும் மனிதத் தீர்ப்புக்கும் இடையிலான இழுபறியின் வரலாறு எனலாம்.

வரலாறு

படைத்துறைத் தோற்றம்

யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையையும் பலகையில் நிறுத்திய இந்தியச் சதுரங்கமே இன்றைய சதுரங்கத்தின் மூதாதை. அந்தச் சதுரங்கத்தை விரித்தே ஐரோப்பியப் போர் விளையாட்டுகள் தோன்றின. ஜெர்மனியின் பிரவுன்ஸ்விக் நகரைச் சேர்ந்த யோகான் ஹெல்விக் 1780 ஆம் ஆண்டில் வெளியிட்ட விளையாட்டில் 1,600க்கும் மேற்பட்ட கட்டங்கள் இருந்தன. ஒவ்வொரு கட்டமும் ஒரு வகை நிலத்தைக் குறித்தது. எனினும் ஆறும் குன்றும் சதுரம் சதுரமாக இருப்பதில்லை அல்லவா?

இக்குறையை நீக்கியவர்கள் பிரசியாவைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் என்னும் தந்தையும் மகனும் ஆவர். தந்தை 1812 இல் நிலத்துண்டுகளை அடுக்கி அமைக்கும் ஒரு மேசையைச் செய்து, மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியமுக்கு வழங்கினார். படை அதிகாரியாக இருந்த மகன் 1824 இல் அதைத் திருத்தி, 1:8000 அளவில் வரைந்த நிலப்படத்தின் மீது ஆடும் விளையாட்டாக ஆக்கினார். "கிரீக்ஸ்பீல்" என்னும் ஜெர்மன் சொல்லுக்குப் பொருளே போர் விளையாட்டு என்பதுதான். இதில் ஒரு சுற்று என்பது இரண்டு நிமிடப் போருக்குச் சமம். இரு தரப்பாரும் தம் கட்டளைகளை நடுவரிடம் தெரிவிப்பர். நடுவர் பகடையையும் அட்டவணைகளையும் கொண்டு விளைவைக் கணித்து, களத்தில் இருந்தால் எது கண்ணுக்குத் தெரியுமோ அதை மட்டும் அவர்களுக்குக் காட்டுவார்.

இவ்விளையாட்டைப் பார்வையிட்ட தலைமைப் படைத்துறை அதிகாரி மியூஃப்ளிங், முதலில் ஆர்வம் காட்டாமல் இருந்து, ஆட்டம் வளர வளர மனம் மாறினார் என்பர். இது பொழுதுபோக்கு அன்று, போர்ப் பயிற்சி என்று பாராட்டி, படைப்பிரிவுகளுக்குப் பரிந்துரைத்தார். இதை வடிவமைத்த இளைய ரைஸ்விட்ஸ் 1827 இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். தம் விளையாட்டு ஐரோப்பா முழுவதும் புகழ் பெற்றதை அவர் காணவில்லை.

1870–71 இல் பிரான்சைப் பிரசியா வென்றபின், பிற நாட்டுப் படைகளும் இவ்விளையாட்டைக் கற்கத் தலைப்பட்டன. அதற்குள் அட்டவணைகள் பெருகி, ஆட்டம் மிக மெதுவாக நகர்வதாகக் குறைகூறல் எழுந்திருந்தது. 1876 இல் வெர்டி து வெர்னுவா என்னும் பிரசியத் தளபதி, அட்டவணைகளையும் பகடையையும் விட்டுவிட்டு, அனுபவமுள்ள நடுவர் தம் அறிவைக் கொண்டே தீர்ப்பளிக்கலாம் என்னும் முறையை முன்வைத்தார். இது "கட்டற்ற போர் விளையாட்டு" எனப்பட்டது. நடுவர் திறமையற்றவராக இருந்தால் ஆட்டமே பாழாகும் என்பது இதன் வெளிப்படையான குறை.

பொம்மை வீரர்களும் எச். ஜி. வெல்சும்

படைத்துறைக்கு வெளியே, இது நண்பர்களின் விளையாட்டாக வேறொரு வழியில் வளர்ந்தது. எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1880களின் தொடக்கத்தில், சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் நோய்க்கு மருத்துவம் பெற்றுவந்தபோது, தம் மனைவியின் மகனுடன் பொம்மை வீரர்களைக் கொண்டு நெடிய போர்களை நடத்தினார். 1893 முதல் பிரித்தானியாவின் பிரிட்டன்ஸ் நிறுவனம் உள்ளீடற்ற ஈய வார்ப்பு வீரர்களை மலிவாக விற்கத் தொடங்கியது. ஜெர்மானிய முழு வார்ப்புப் பொம்மைகளைவிட இவற்றுக்கு ஈயம் குறைவாகவே தேவைப்பட்டதால் விலையும் குறைந்தது.

இப்பொம்மைகளுக்கு ஒழுங்கான விதிகளை எழுதிப் புகழ்பெறச் செய்தவர் அறிபுனை எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ். அவருடைய "லிட்டில் வார்ஸ்" நூல் 1913 இல் வெளிவந்தது. விருந்துக்கு வந்திருந்த நண்பரொருவர் (நூலில் முதலெழுத்துகளால் குறிக்கப்படும் இவர் எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோம் என்பது பொதுவான கருத்து) பொம்மைப் பீரங்கியால் தரையில் நின்ற பொம்மைகளைச் சுடத் தொடங்கியதில் இவ்விளையாட்டு பிறந்ததாக வெல்ஸ் எழுதுகிறார். விதிகள் எளிமையானவை. காலாள் ஒரு நகர்வில் ஒரு அடியும், குதிரைப்படை இரண்டு அடியும் செல்லும். அருகில் குறைந்தது நான்கு வீரர்கள் இருந்தால் மட்டுமே பீரங்கியைப் பயன்படுத்தலாம். சுடுவதற்குப் பகடை கிடையாது. வில்விசையுள்ள பொம்மைப் பீரங்கி சிறு மரத்துண்டை உண்மையிலேயே எறியும், விழுந்த வீரன் இறந்தவன். நகர்வுக்குக் கடிகாரம் வைத்து நேரம் அளந்தனர். தொடக்கத்தில் களத்தின் நடுவே திரை கட்டி, இரு தரப்பும் ஒருவர் அறியாமல் ஒருவர் படையை நிறுத்தினர்.

கடற்போர் விளையாட்டுகள்

பின்னாளில் போர்க்கப்பல் ஆண்டுநூலால் புகழடைந்த பிரெட் டி. ஜேன், 1898 அளவில் மாதிரிக் கப்பல்களைக் கொண்டு ஒரு கடற்போர் விளையாட்டை வெளியிட்டார். ஐக்கிய அமெரிக்காவின் எழுத்தாளர் பிளெச்சர் பிராட் 1930களில் நியூயோர்க்கில் நண்பர்களைக் கூட்டி, மரக் கப்பல்களைக் கூடத்தின் தரையில் ஓட்டினார். அவருடைய ஆட்டத்தில் பீரங்கியின் தொலைவைக் கண்ணால் மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும், பிறகே அளப்பார்கள்.

இத்தகைய தரை விளையாட்டு உண்மைப் போரின் போக்கில் பங்கு பெற்றதற்கு மிகத் தெளிவான சான்று இரண்டாம் உலகப் போரில் கிடைக்கிறது. 1942 சனவரியில் பிரித்தானியாவின் லிவர்ப்பூல் நகரில், கடற்படைத் தலைவர் கில்பர்ட் ராபர்ட்சின் பொறுப்பில் ஓர் உத்திப் பிரிவு நிறுவப்பட்டது. காசநோயால் முன்பு பணியிலிருந்து விலக்கப்பட்டவர் இவர். இவருடன் பணியாற்றியோரில் பெரும்பாலோர் கடற்படை மகளிர் சேவையைச் சேர்ந்த இளம் பெண்கள். தரையே கடலாக வரையப்பட்டது. பயிற்சிக்கு வந்த அதிகாரிகள் துணித்திரைக்குப் பின் அமர்ந்து, சிறு துளை வழியாக மட்டுமே களத்தைப் பார்க்க முடியும். பாதுகாப்புக் கப்பல்களின் பாதை வெள்ளைச் சுண்ணக்கட்டியால் வரையப்பட்டது. நீர்மூழ்கிகளின் பாதைக்குப் பச்சை. துளை வழியே பார்ப்பவர் கண்ணுக்கு அது புலப்படாது.

ஆடி ஆடிப் பார்த்ததில், ஜெர்மானிய நீர்மூழ்கிகள் வணிகக் கப்பல் வரிசைகளுக்கு வெளியே நின்று தாக்கவில்லை, இரவில் பின்புறமாக வரிசைகளுக்குள்ளேயே புகுந்து தாக்குகின்றன என்று ராபர்ட்சின் குழு முடிவுக்கு வந்தது. இதற்கு மாற்றாக வகுத்த உத்திக்கு, குழுவைச் சேர்ந்த ஜீன் லெயிட்லா "ராஸ்பெரி" என்று பெயரிட்டார். நீர்மூழ்கிக் கப்பல் அனுபவம் மிக்க கடற்படைத் தளபதி மாக்ஸ் ஹார்ட்டன், இவ்வாட்டத்தில் ஜேனட் ஓக்கல் என்னும் இளம் பெண்ணிடம் மீண்டும் மீண்டும் தோற்றதாகக் கூறப்படுகிறது. போர் முடியும்வரை சுமார் 5,000 அதிகாரிகள் இங்கே பயிற்சி பெற்றனர். போர் விளையாட்டு ஆண்களுக்கே உரியது என்று கருதுவோர் இந்நிகழ்ச்சியை அறிந்திருப்பது நல்லது.

பொழுதுபோக்காக வளர்ச்சி

ஐக்கிய அமெரிக்காவில் ஜாக் ஸ்க்ரூபி 1957 இல் இதற்கென ஓர் இதழைத் தொடங்கினார். பிரித்தானியாவில் டொனால்ட் பெதர்ஸ்டன் 1962 இல் வெளியிட்ட நூல், சிதறிக் கிடந்த ஆர்வலர்களை ஒன்றுசேர்த்தது. ஏறத்தாழ அதே காலத்தில் ஏர்பிக்ஸ் நிறுவனத்தின் நெகிழி வீரர்கள் சிறுவரின் கைச்செலவுப் பணத்துக்கே கிடைக்கத் தொடங்கினர்.

1971 இல் கேரி கைகாக்சும் ஜெப் பெரனும் எழுதிய "செயின்மெயில்" என்னும் இடைக்காலப் போர் விதிநூலில், மாயாவிகளும் பூதங்களும் கொண்ட ஒரு பின்னிணைப்பு இருந்தது. ஒரு படைக்குப் பதிலாக ஒரே ஒரு வீரனை ஆடுபவர் ஏற்று நடத்தும் முறை இவ்வழியே வளர்ந்து, 1974 இல் "டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்" ஆக வெளிவந்தது. இன்றைய பாத்திரமேற்பு விளையாட்டுகளுக்கும், கணினி விளையாட்டுகள் பலவற்றுக்கும் இதுவே வேர். பிரித்தானியாவின் கேம்ஸ் வொர்க்சாப் நிறுவனம் 1983 இல் "வார்ஹாமர்" விளையாட்டையும், 1987 இல் அதன் எதிர்கால வடிவமான "வார்ஹாமர் 40,000"ஐயும் வெளியிட்டது.

வரலாற்றுப் போர்களை விரும்புவோருக்கு 1990 இல் வெளியான "டி.பி.ஏ." குறிப்பிடத்தக்கது. ஒவ்வொரு தரப்புக்கும் 12 அலகுகளே. ஆட்டம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதன் படைப்பட்டியல்களில் பண்டைத் தமிழர், சிங்களர் படைகளுக்கும் இடம் உண்டு. ஆகவே ஐரோப்பிய நகரமொன்றின் மேசையில் யானைப்படையுடன் ஒரு தமிழ்ப் படை உரோமரை எதிர்த்து நிற்பது நடக்கக்கூடியதே. வரலாற்றில் நிகழாத சந்திப்பு எனினும் விளையாட்டு அதற்கு இடம் தருகிறது.

ஆடும் முறை

வழமையாக 6 அடிக்கு 4 அடி அளவுள்ள மேசை பயன்படுகிறது. இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட புள்ளிகளுக்குள் தத்தம் படையைத் தெரிவு செய்வர். சில ஆட்டங்களில் படைகள் வேண்டுமென்றே சமமற்றவையாக இருக்கும். ஒரு தரப்புக்குப் பாலத்தைக் காப்பது நோக்கம், மற்றதற்கு அதைக் கடப்பது நோக்கம் என்பதுபோல. ஆடுபுலி ஆட்டத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று.

ஒரு சுற்றில் நகர்தல், சுடுதல், கைகலத்தல், மனவுறுதிச் சோதனை ஆகியவை பெரும்பாலும் உண்டு. எடுத்துக்காட்டாக, பத்து வீரர்கள் சுடுகிறார்கள், பகடையில் 5 அல்லது 6 விழுந்தால் குறி தப்பாது எனக் கொள்வோம். பத்துப் பகடைகளை உருட்டினால் சராசரியாக மூன்று குண்டுகள் படும். ஆயினும் ஒன்றுகூடப் படாமல் போவதற்கு நூற்றுக்குச் சுமார் 1.7 வாய்ப்பு உண்டு. அந்த அரிதான நிகழ்வையே நண்பர்கள் பல ஆண்டுகள் கழித்தும் நினைவுகூர்கிறார்கள். மனவுறுதிச் சோதனையும் முக்கியமானது. இழப்பு மிகுந்த படைப்பிரிவு, கடைசி ஆள் வரை நிற்காமல் பகடையின் விளைவுக்கேற்பப் பின்வாங்கும் அல்லது சிதறி ஓடும். சதுரங்கக் காய் ஒருபோதும் அஞ்சி ஓடுவதில்லை.

அளவு

உருவங்கள் அவற்றின் உயரத்தால் அறியப்படுகின்றன. 28 மி.மீ., 15 மி.மீ., 6 மி.மீ. ஆகியவை பரவலானவை. இவற்றில் ஒரு சிக்கல் உண்டு. 28 மி.மீ. உருவம் ஏறத்தாழ 1:60 அளவுடையது. அதே அளவில் 300 மீட்டர் துப்பாக்கித் தொலைவைக் காட்ட வேண்டுமானால் மேசையில் 5 மீட்டர் இடம் வேண்டும். மேசையின் நீளமோ இரண்டு மீட்டருக்கும் குறைவு. எனவே தொலைவுகள் சுருக்கப்படுகின்றன. பெரும் போர்களில் ஒரு உருவம் இருபது அல்லது அதற்கு மேற்பட்ட வீரர்களைக் குறிப்பதும் வழக்கம். மேசையில் நான்கு வீடுகளே இருந்தாலும் அது ஒரு ஊர் என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

உருவங்களுக்கு வண்ணம் பூசுவது தனிக் கலை. அடிப்பூச்சு, மெல்லிய தூரிகையால் அக்ரிலிக் வண்ணம், மடிப்புகளில் அடர்நிறம், மேடுகளில் வெளிர்நிறம் என இது படிப்படியாக நடைபெறும். ஆடுவதைவிட இதில் கூடுதல் நேரம் செலவிடுவோர் பலர். ஈயம் நச்சுத்தன்மை உடையது என்பதால் வெள்ளீயக் கலப்புலோகம், நெகிழி, ரெசின் ஆகியவை அதன் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துவிட்டன. வீட்டு முப்பரிமாண அச்சுப்பொறிகளிலும் இப்போது உருவங்கள் செய்யப்படுகின்றன.

ஆடுவோரிடையே வழக்கங்கள்

எழுதப்படாத சில வழக்கங்கள் உலகெங்கும் காணப்படுகின்றன. நகர்த்தும் முன் நோக்கத்தை வாய்விட்டுச் சொல்வது அவற்றுள் பயனுள்ள ஒன்று. "இந்தப் பிரிவை உன் பீரங்கிக்கு எட்டாத தொலைவில் நிறுத்துகிறேன்" என்று ஒருவர் சொல்லி மற்றவர் ஒப்பினால், பிறகு கை தவறி உருவம் அரை அங்குலம் முன்னே நின்றாலும் சண்டை வராது. சாய்ந்து நிற்கும் பகடை மீண்டும் உருட்டப்படும். விதிநூலில் விடை கிடைக்காதபோது பக்கங்களைப் புரட்டிக்கொண்டிராமல், ஒரு பகடையை உருட்டி முடிவு செய்து, ஆட்டம் முடிந்தபின் வாதிடுவர். பிறர் வண்ணம் பூசிய உருவத்தைக் கேளாமல் தொடுவது நாகரிகமன்று.

போட்டித் தொடர்களில் இவ்வழக்கங்களுக்குப் பதில் விரிவான விதிகளும் நடுவர்களும் உண்டு. ஆயினும் வீட்டு மேசையில் நண்பர் குழுவினர் ஆடும் ஆட்டமே இப்பொழுதுபோக்கின் பெரும்பகுதி.

விமரிசனங்கள்

போரை விளையாட்டாக்குவது முறையா என்ற கேள்வி தொடக்கம் முதலே உண்டு. வெல்ஸ் இதைத் தம் நூலிலேயே எதிர்கொண்டார். பொம்மைப் போரை நடத்திப் பார்த்தவனுக்கு உண்மைப் போர் எவ்வளவு தடுமாற்றம் நிறைந்தது, எவ்வளவு பொருளற்றது என்பது விளங்கும் என்று அவர் வாதிட்டார். நூல் வெளிவந்த மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. அதை, போர்களுக்கு முடிவு கட்டும் போர் என்று எழுதி வரவேற்றவர்களுள் வெல்சும் ஒருவர்.

நாசி ஜெர்மனியின் படைகளை மேசையில் நடத்துவது பற்றி ஆர்வலரிடையே இன்றும் ஒத்த கருத்து இல்லை. சிலர் அதை வரலாற்றுத் தேவை என்பர். சிலர் குறிப்பிட்ட படைப்பிரிவுகளைத் தொடவே மறுப்பர். இதைவிட ஆழமான குறை ஒன்று அதிகம் பேசப்படுவதில்லை. மேசை மீதுள்ள ஊர்களில் வீடுகள் உண்டு, குடிமக்கள் இல்லை. குண்டு விழும் வீட்டிலிருந்து யாரும் வெளியே ஓடி வருவதில்லை. முற்றுகையிடப்பட்ட நகரில் சிக்கிய பொதுமக்களை மையமாகக் கொண்ட "திஸ் வார் ஒஃப் மைன்" பலகை விளையாட்டு 2017 இல் வெளிவந்தது. இதில் ஆடுவோர் எந்தப் படையையும் நடத்துவதில்லை. அனைவரும் ஒரே தரப்பில் இருந்து, உணவும் மருந்தும் தேடி, இடிந்த வீடொன்றில் போர் முடியும்வரை உயிர் பிழைத்திருக்க முயல்கிறார்கள்.